மஞ்சக் கார்டு இருந்தா போதும்னு ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பிடாதீங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்ங்க. மழை சீசன் வந்தா டெங்கு பத்தி உங்க பேப்பர்ல விடாம எழுதறீங்க, பழைய டயர்ல தண்ணி நிக்க விடாதீங்க, தொட்டிய மூடி வைங்கன்னு, அது ரொம்ப நல்ல காரியம். ஆனா நம்ம ஊர்ல இருந்து ஆப்பிரிக்காவுக்கு வேலைக்கும் டூருக்கும் போற ஜனங்களுக்கு அங்க இருக்கற கொசுவப் பத்தி யாரும் உக்காந்து சொல்றதில்லைங்க. டிக்கெட் எப்படி, விசா எப்படி, சம்பளம் எவ்வளவு, அரிசி பருப்பு அங்க கிடைக்குமா, எல்லாம் கேக்கறாங்க, ராத்திரி எதுக்குள்ள படுக்கப்போறோம்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. அதனாலதான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமா இருக்கும், ஆனா வெட்டாம போட்டீங்கன்னா நல்லா இருக்கும்.

எங்க திருச்செங்கோட்டுப் பக்கம் ஆழ்துளைக் கிணறு போடற போர் வண்டித் தொழில் எப்படின்னு உங்களுக்கே தெரியும். இந்தியா முழுக்க ஓடற ரிக் வண்டி இங்கிருந்து போகுது, அதே மாதிரி வண்டி கப்பல் ஏறி ஆப்பிரிக்காவுக்குப் போகவும் ஆரம்பிச்சு ரொம்ப வருஷமாச்சு. டிரில்லர், ஹெல்பர், மெக்கானிக், சமையலுக்கு ஒருத்தர்னு ஒரு செட்டா கிளம்பறாங்க, முக்கால்வாசி இருபத்து சொச்சம் வயசுப் பசங்க. நான் உகாண்டாவுல ரிக் கேம்ப்ல சூப்பர்வைசரா இருந்துட்டு இப்ப ஊரோட வந்துட்டேன். இது போக இப்ப புதுசா டூர் மோகம் வேற வந்திருக்கு, மசாய் மாரா, செரெங்கெட்டி, உகாண்டாவுல பிவிண்டி காட்டுல கொரில்லா பாக்கறது, முர்ச்சிசன் அருவின்னு குடும்பத்தோட, சின்னக் குழந்தைங்களோட போறாங்க. போறது தப்பே இல்லைங்க, அவ்வளவு அழகான நாடுங்க, ஜனங்க அவ்வளவு நல்லவங்க. தயாரா போகணும், அவ்வளவுதான்.

முதல்ல இந்த மஞ்சக் கார்டு விஷயம். உகாண்டா போகணும்னா யெல்லோ ஃபீவர்னு சொல்ற மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டு அந்தச் சின்ன மஞ்சக் கார்டு வாங்கணும், போறதுக்குக் குறைஞ்சது 10 நாள் முன்னாடியே போட்டிருக்கணும், 2016 ஜூலையில இருந்து ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் செல்லும். திரும்பி வர்றப்பவும் நம்ம ஏர்போர்ட்ல அதைக் கேப்பாங்க, இல்லைன்னா 6 நாள் வரைக்கும் தனியா வெச்சுடுவாங்க. ஏன் இவ்வளவு கண்டிப்புன்னா, மஞ்சள் காய்ச்சலப் பரப்பற அதே ஏடிஸ் கொசு, டெங்கு கொசுன்னு நாம சொல்றோமே அது, நம்ம ஊர்ல தெருவுக்குத் தெரு இருக்கு, ஆனா அந்த வைரஸ் மட்டும் இந்தியாவுக்குள்ள வரல, வந்துச்சுன்னா நாடு தாங்காது. அதனால அரசாங்கம் கேக்கறது நூத்துக்கு நூறு நியாயம்.

ஆனா நம்ம ஜனங்க என்ன நினைச்சுக்கறாங்கன்னா, ஊசி போட்டாச்சு, கார்டு கையில இருக்கு, இனி ஆப்பிரிக்காக் கொசு நம்மள ஒண்ணும் பண்ணாதுன்னு நினைச்சுக்கறாங்க. படிச்சவங்களே அப்படித்தான் பேசறாங்க, நான் எத்தனையோ பேர்கிட்ட கேட்டிருக்கேன். அந்த ஊசி மஞ்சள் காய்ச்சலுக்கு மட்டும்தாங்க. மலேரியாவுக்கு அது துளிகூட காவல் இல்ல. அங்க போற நம்ம ஆளுங்கள அதிகமா படுக்க வைக்கறது மலேரியாதான், மஞ்சள் காய்ச்சல் வந்து படுத்த ஆளை நான் பார்த்ததே இல்ல. கார்டு கேக்கறதுக்கு ஆபீசர் இருக்காங்க, மலேரியா மாத்திரை வெச்சிருக்கியா, வலை வெச்சிருக்கியான்னு கேக்கறதுக்கு எந்த கவுண்டர்லயும் ஆள் கிடையாது. யாரும் கேக்காததால அது முக்கியமில்லன்னு ஆயிடுச்சு.

உலக சுகாதார நிறுவனம் சொன்ன கணக்குப்படி 2023-ல மட்டும் உலகத்துல 26 கோடிப் பேருக்கு மேல மலேரியா வந்திருக்கு, 5 லட்சத்து 97 ஆயிரம் பேர் செத்திருக்காங்க, அதுல நூத்துக்கு 95 ஆப்பிரிக்காவுலதான், அதுலயும் முக்கால்வாசி அஞ்சு வயசுக்குக் கீழ இருக்கற குழந்தைங்க. உகாண்டாவுல வடக்கால அபாச்னு ஒரு மாவட்டம், 2000-களோட ஆரம்பத்துல அங்க ஆராய்ச்சி பண்ணப்போ ஒரு ஆளுக்கு வருஷத்துல 1,500 தடவைக்கு மேல மலேரியாக் கிருமி இருக்கற கொசு கடிக்குதுன்னு கண்டுபிடிச்சாங்க. சும்மா கொசுக்கடி இல்லைங்க, கிருமி உள்ள கொசுக்கடி. அந்தப் பக்கம் போர் போடப் போற நம்ம பையனுக்கு இந்த விவரம் தெரிய வேண்டாமா?

மலேரியாதானே, மெட்ராஸ்லயும் வந்திருக்கு, குளிர் நடுக்கத்தோட ஜுரம் வரும், மாத்திரை போட்டா போயிடும்னு ஒரு பேச்சு இருக்கு. மெட்ராஸ்ல காலங்காலமா வந்தது பெரும்பாலும் வைவாக்ஸ் வகை, ஆளை வாட்டி எடுக்கும், ஆனா உயிரை எடுக்கறது ரொம்ப அபூர்வம். உகாண்டாவுல வர்றதுல பெரும்பகுதி ஃபால்சிபாரம். அது வேற ஜாதிங்க. அந்தக் கிருமி புகுந்த ரத்த அணு சின்னச் சின்ன ரத்தக் குழாய் சுவத்துல ஒட்டிக்கும், மூளைக்குப் போற குழாயில ஒட்டுச்சுன்னா நினைவு தப்பி ஃபிட்ஸ் வரும், கிட்னி நிக்கும், நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும். வைத்தியம் பண்ணாம விட்டா ஒரே நாள்ல கூட நிலைமை கைமீறிடும். இன்னொண்ணு, நம்ம ஊர்ல பழைய ஆளுங்களுக்குத் தெரிஞ்ச க்ளோரோகுயின் மாத்திரை அங்க இருக்கற ஃபால்சிபாரத்துக்குக் கேக்காது. வீட்ல மிச்சம் இருந்துச்சுன்னு அதைப் பையில போட்டுட்டுப் போறவங்க இன்னமும் இருக்காங்க, தயவுசெஞ்சு அதை நம்பாதீங்க.

அங்க போனதும் நம்ம பசங்க கெட்டுப்போறது எங்கன்னா, உள்ளூர் ஆளுங்களப் பார்த்துத்தான். கூட வேலை செய்யற உகாண்டாக்காரர் ஒருத்தர் காலையில வந்து எனக்கு மலேரியாம்பாரு, மாத்திரை போட்டுட்டு மத்தியானம் ராடு தூக்குவாரு. இதைப் பார்த்து நம்ம பையன், அட இவ்வளவுதானா, நம்மூர் சளிக்காய்ச்சல் மாதிரிதான்னு நினைச்சுக்கறான். அந்த மனுசனுக்கு குழந்தையில இருந்து மலேரியா திரும்பத் திரும்ப வந்து உடம்பு பாதி எதிர்ப்புச் சக்தி சேத்து வெச்சிருக்கு, அந்தச் சக்தி சேருற வயசுலதான் அந்த ஊர்ல எத்தனையோ பிஞ்சுக் குழந்தைங்க போயிருக்கு. நாமக்கல்ல, ஈரோட்ல வளந்த நமக்கு அந்தச் சக்தி ஒரு சொட்டு கூட கிடையாது. அதே மாதிரி அங்கயே பல வருஷமா இருக்கற நம்ம தமிழ்க் குடும்பங்களும் எனக்குப் பழகிப்போச்சும்பாங்க, ஊருக்கு வந்து ரொம்ப நாள் இருந்துட்டுத் திரும்பினா அந்தப் பழக்கமெல்லாம் கரைஞ்சு போயிருக்கும், முதல்ல இருந்து ஜாக்கிரதையா இருக்கணும்.

இப்ப கொசுவுக்கு வர்றேன். மலேரியா பரப்பறது அனோபிலஸ். உக்காரறப்போ தலைய கீழ வெச்சு பின்பக்கத்தத் தூக்கிட்டு சாய்வா உக்காரும், அதை வெச்சு அடையாளம் கண்டுபிடிக்கலாம். பொழுது சாஞ்சதுல இருந்து விடியற வரைக்கும் கடிக்கும், அதுலயும் நாம அசந்து தூங்கற நடுராத்திரிதான் அதுக்கு வேட்டை நேரம். உக்காந்து பேசிட்டு இருக்கறப்போ பெரும்பாலும் கணுக்காலுக்குக் கீழ, பாதத்துலதான் கடிக்கும், நாம கையிலயும் கழுத்துலயும் மருந்தைத் தேச்சுட்டு செருப்புக் காலோட உக்காந்திருப்போம். சாயங்காலம் ஆனா சாக்ஸ் போடணும், வேர்த்தாலும் பரவால்ல.

ரிக் கேம்ப்ல இருக்கறவங்களுக்கு இன்னொரு முக்கியமான சங்கதி. அங்க இருக்கற அனோபிலஸ்ல கேம்பியேங்கற வகைக் கொசு முட்டை போடறதுக்கு சாக்கடை தேடிப் போறதில்ல, வெயில் படற, புதுசா தேங்கின, மண்ணுத் தண்ணியைத்தான் தேடும். மாட்டுக் கால் குளம்புப் பள்ளம், லாரி டயர் பதிஞ்ச தடம், செங்கல்லுக்கு மண் எடுத்த குழி. போர் போடறப்போ கம்ப்ரசர் காத்துல மேல வர்ற தண்ணி சைட்ட சுத்தி எப்படி தேங்கி நிக்கும்னு இந்தத் தொழில்ல இருக்கறவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. ஒரே சைட்ல வாரக்கணக்குல கேம்ப் போட்டு இருந்தா, நாம தோண்டின குழியிலயே கொசு பொறந்து நம்மளயே கடிக்கும், முட்டை கொசுவாகறதுக்கு ஒரு வாரம், ரெண்டு வாரம் போதும். சைட் முடிஞ்சதும் வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி அந்தப் பள்ளத்த மண்ணப் போட்டு மூடிட்டுப் போங்க. நமக்குத் தண்ணி கொண்டு வந்து கொடுத்த ஆளுங்கன்னு அந்த ஊரே கும்பிடுது, அவங்க குழந்தைங்களுக்கு நாம மலேரியாக் குழிய விட்டுட்டு வரக்கூடாதுங்க.

தப்பிக்க என்ன வழின்னு கேட்டா நான் முதல்ல சொல்றது வலை. கிரீம், மெஷின், பேட் எல்லாம் அதுக்கு அப்புறம். அங்க கரண்ட் எப்ப போகும்னு சொல்ல முடியாது, கரண்ட் போனா சுவத்துல சொருகற லிக்விட் மெஷின் செத்துப்போகும், ஃபேன் நிக்கும், ஏசி நிக்கும், ஜன்னலத் திறந்து விடுவீங்க, அவ்வளவுதான். வலைக்குக் கரண்ட் வேண்டாம். மருந்து நனைச்ச வலைன்னு கேட்டு வாங்குங்க, அதுல பைரித்ராய்டு மருந்து நூல்லயே இருக்கும், உக்கார்ற கொசு சாகும். உகாண்டாவுல அரசாங்கமே சில வருஷத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வீடு இந்த வலைய இலவசமா கொடுக்குது, கடையிலயும் கிடைக்கும், ஆனா போய் இறங்கற முதல் ராத்திரிக்கு ஒண்ணு பெட்டியிலயே இருக்கணும், முதல் ராத்திரி கடிக்கக்கூடாதுன்னு கொசுவுக்குச் சட்டம் இல்ல. புது வலையப் பிரிச்சு ஒரு நாள் நிழல்ல தொங்க விட்டுட்டு அப்புறம் உபயோகப்படுத்துங்க. கட்டில் மெத்தைக்கு அடியில நாலு பக்கமும் சொருகணும், சும்மா தொங்க விட்டா பிரயோஜனம் இல்ல. தூக்கத்துல கையோ முட்டியோ வலையில ஒட்டிக்கிட்டு இருந்தா வெளிய இருந்தே கடிச்சுடும், அதனால கொஞ்சம் பெரிய வலையா வாங்குங்க. ஓட்டை விழுந்தா அன்னைக்கே ஊசி நூல் எடுத்துத் தெச்சுடுங்க. துவைக்கறப்போ லேசான சோப்புல அலசி நிழல்லயே காயப் போடுங்க, வெயில்ல போட்டா மருந்து போயிடும், ஏரியில கொண்டு போய்த் துவைக்கக் கூடாது, மீனுக்கு விஷம். வண்டி மேலயும், டெண்ட் ஓரத்துலயும் காத்தாட படுக்கற பசங்களுக்கு நாலு குச்சிய நட்டு வலை கட்டறது பெரிய வேலையே இல்ல, சோம்பல்தான் தடையா இருக்கு. சூப்பர்வைசரா இருக்கறவங்க ராத்திரி ஒரு நடை சுத்தி வந்து வலை கட்டாத ஆளை எழுப்பிக் கட்ட வைக்கணும், நான் அப்படித்தான் செஞ்சேன், திட்டுவாங்க, திட்டிக்கட்டும்.

பொழுது சாஞ்சு படுக்கப் போற வரைக்கும் இருக்கற நேரத்துக்குத்தான் கிரீமும் ஸ்ப்ரேயும். டீட்னு சொல்ற மருந்து 20-ல இருந்து 50 சதவீதம் இருக்கறதா பாருங்க, இல்லைன்னா பிகாரிடின் 20 சதவீதம், டப்பாவுல எழுதியிருக்கும். சதவீதம் குறைவா இருந்தா வேலை செய்யாதுன்னு இல்ல, சீக்கிரம் போயிடும், ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல மறுபடி தேக்கணும், வேர்வையில இன்னும் சீக்கிரம் போகும். வெயிலுக்கு சன்ஸ்க்ரீன் போடறவங்க முதல்ல அதைப் போட்டு, காஞ்சதுக்கு அப்புறம் மேல கொசு மருந்து. ரெண்டு மாசத்துக்குக் கீழ இருக்கற குழந்தைக்கு டீட் தடவவே கூடாது, வலைதான். பெரிய குழந்தைக்கும் கைவிரல்ல தடவாதீங்க, வாயில வெச்சுடும். முழுக்கை சட்டை, முழுக்கால் பேண்ட், கொஞ்சம் தளர்வா, வெளிர் கலர்ல. என்டெபே ஏர்போர்ட்ல ராத்திரி இறங்கறவங்க, கார் வர்ற வரைக்கும் வெளிய நிக்கறப்பவே கடி ஆரம்பிச்சுடும், அதனால 100 மில்லிக்குக் கம்மியான ஒரு ட்யூப்ப கைப்பையிலயே வெச்சுக்குங்க, பெரிய பெட்டி பெல்ட்ல சுத்திட்டு இருக்கும்.

பகல்ல பயமில்லையான்னு கேட்டா, பகல்ல ஏடிஸ் இருக்கு. ஏடிஸ் பரப்பற ஜிகா வைரஸ 1947-ல முதல் முதல்ல கண்டுபிடிச்சதே அந்த என்டெபே பக்கத்துல இருக்கற ஜிகாங்கற காட்டுல ஒரு குரங்கு ரத்தத்துலதான், மஞ்சள் காய்ச்சல் ஆராய்ச்சிக்குக் கட்டி வெச்ச குரங்கு அது. அதே ஏடிஸ் பரப்பற சிக்குன்குனியாவ பக்கத்து டான்சானியாவுல 1952-53-ல கண்டுபிடிச்சாங்க. ஆக பகல்ல தோட்டத்துல, காட்டுல நடக்கறவங்களும் மருந்து தேச்சுக்கறது நல்லது. அதுலயும் மாசமா இருக்கற பொண்ணுங்க மலேரியா இருக்கற நாட்டுக்கு டூர் போறதத் தள்ளிப் போடுங்க, மலேரியா வந்தா தாய்க்கும் ஆபத்து வயித்துல இருக்கற குழந்தைக்கும் ஆபத்து. போயே ஆகணும்னா டாக்டர்கிட்ட பேசாம போகாதீங்க.

வேலைக்கு ஆகாத சமாச்சாரத்துல காசைப் போடாதீங்க. சத்தம் போட்டு கொசுவ விரட்டற மெஷின்னு விக்கறாங்க, போன்ல ஆப் கூட இருக்கு, அதுக்குக் கொசு அசையாது. பூண்டு தின்னா கடிக்காது, வைட்டமின் மாத்திரை போட்டா கடிக்காதுன்னு சொல்றதும் அப்படித்தான். கொசுவத்திச் சுருள் திறந்த வெளியில கொஞ்சம் உதவும், மூடின ரூம்ல கொளுத்திட்டுப் படுத்தா புகைதான் நுரையீரலுக்குப் போகும்.

வலை, கிரீம், சாக்ஸ் எல்லாம் இருந்தும் ஒரு கொசு போதும்ங்க. அதனாலதான் தடுப்பு மாத்திரை. இதைப் பத்தித்தான் நம்ம ஊர்ல சுத்தமா தெரியல. காய்ச்சல் வந்த பிறகு போடறது இல்ல, வராம இருக்கறதுக்கு முன்கூட்டியே போடறது. டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் தினம் ஒண்ணு, கிளம்பறதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடி ஆரம்பிச்சு, திரும்பி வந்ததுக்கு அப்புறமும் 4 வாரம் போடணும். அடோவாகுவோன் ப்ரோகுவானில்னு ஒரு கூட்டு மாத்திரை, அதுவும் தினம் ஒண்ணு, திரும்பி வந்து 7 நாள் போட்டா போதும். மெஃப்ளோகுயின் வாரத்துக்கு ஒண்ணு, ரெண்டு மூணு வாரம் முன்னாடியே ஆரம்பிக்கணும், மனசு சம்பந்தமான வியாதியோ ஃபிட்ஸோ இருந்தவங்களுக்கு அது ஆகாது. டாக்ஸிசைக்ளின் போடறவங்க சாப்பிட்டுட்டு நிறைய தண்ணியோட முழுங்கணும், முழுங்கின உடனே படுத்தா நெஞ்சுக்குழாய் புண்ணாயிடும், வெயில்ல தோல் சீக்கிரம் கருகும், மாசமா இருக்கறவங்களுக்கும் 8 வயசுக்குக் கீழ இருக்கற குழந்தைக்கும் கொடுக்கறதில்ல. எது யாருக்குச் சரின்னு டாக்டர்தான் சொல்லணும், நான் சொல்றது போய்க் கேளுங்கன்னு. ஊர் வந்து சேந்தாச்சுன்னு ஏர்போர்ட்லயே மாத்திரைய நிறுத்திடற ஆளுங்கதான் அதிகம், அங்கதான் மாட்டிக்கறாங்க, ஏன்னா கடைசி ராத்திரி கடிச்ச கொசு விட்ட கிருமி இன்னும் உள்ள வளந்துட்டு இருக்கும். வருஷக்கணக்குல அங்கயே இருக்கறவங்க அத்தனை வருஷமும் மாத்திரை போட்டுட்டு இருக்கறது நடக்கற காரியம் இல்ல, அவங்களுக்கு வலையும், காய்ச்சல்னா அன்னைக்கே டெஸ்ட்டும்தான் வழி. மலேரியாவுக்கு இப்ப தடுப்பூசி வந்திருக்கே, புனேவுல செய்யறாங்களேன்னு சில பேர் கேக்கறாங்க, அந்த ஆர்21 ஊசி அந்த நாட்டுக் குழந்தைங்களுக்கு, டூர் போற பெரியவங்களுக்கு இல்ல.

எனக்கு மனசு அடிச்சுக்கற விஷயம் இனிமேதான் இருக்கு. எங்க கேம்ப்ல ஹெல்பரா இருந்த ஒரு பையன், பண்டிகைக்கு லீவுல ஊருக்கு வந்தான். வந்து ஒரு வாரம் பத்து நாள் நல்லாத்தான் இருந்தான், அப்புறம் காய்ச்சல், தலைவலி, வாந்தி. வீட்ல ரெண்டு நாள் நிலவேம்புக் கஷாயம் கொடுத்துப் பார்த்தாங்க. அப்புறம் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனா ரத்தத்துல பிளேட்லெட் குறைஞ்சிருக்கு, சீசன் வேற, டெங்குன்னு முடிவு பண்ணி குளுக்கோஸ் ஏத்திட்டாங்க. அவங்களயும் முழுசா குத்தம் சொல்ல முடியாது, மலேரியாவுலயும் பிளேட்லெட் இறங்கும், பார்க்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், உகாண்டாவுல இருந்து வந்தவன்னு யாரும் கேக்கல, இவங்களும் சொல்லல. நாலாம் நாள் உளற ஆரம்பிச்சுட்டான், கண்ணெல்லாம் மஞ்சள். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போன பிறகு அங்க ஒரு டாக்டரம்மா, தம்பி எங்க வேலை பார்க்கறான்னு கேட்டாங்க. அந்த ஒரு கேள்விதாங்க அவன் உயிரைக் காப்பாத்துச்சு. ரத்தத்த கண்ணாடித் தகட்டுல தேச்சுப் பார்த்தாங்க, ஃபால்சிபாரம், உடனே ஆர்டிசுனேட்ங்கற மலேரியா மருந்து ஊசி. பொழச்சுட்டான், கிட்னிக்காக கொஞ்ச நாள் டயாலிசிஸ் பண்ண வேண்டி வந்துச்சு. அவங்கம்மா ஐசியூ வாசல்ல உக்காந்திருந்த கோலம் இன்னும் என் கண்ணை விட்டுப் போகல.

அதனால திரும்பி வந்தவங்க வீட்டு ஆளுங்களுக்கும் சேத்துச் சொல்றேன். ஃபால்சிபாரம், கொசு கடிச்சு ஒரு வாரத்துக்கு அப்புறம்தான் தலை காட்டும், பெரும்பாலும் ஒரு மாசத்துக்குள்ள, மூணு மாசம் வரைக்கும் கூட வரலாம், வைவாக்ஸ், ஓவாலே வகை ஈரல்ல ஒளிஞ்சிருந்து அதுக்கும் பின்னாடி வரும். தடுப்பு மாத்திரை ஒழுங்கா போட்டிருந்தாலும் காய்ச்சல்னா அன்னைக்கே போகணும். டாக்டர் கேக்கட்டும்னு இருக்காதீங்க, உள்ள நுழைஞ்சதும் முதல் வார்த்தையே நான் ஆப்பிரிக்காவுல இருந்து இன்ன தேதிக்கு வந்தேன், மலேரியா பாருங்கன்னு சொல்லுங்க. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல இந்த ரத்த டெஸ்ட்டுக்குக் காசு கிடையாது. ஒரு தடவை பார்த்து இல்லன்னு வந்துட்டா விட்டுடாதீங்க, ஆரம்பத்துல கிருமி கம்மியா இருந்தா தெரியாது, 12 மணி நேரம், ஒரு நாள் விட்டு மறுபடி பார்க்கணும், ரெண்டு நாளைக்குள்ள மூணு தடவை பார்த்தாத்தான் இல்லன்னு நம்பலாம். இது நம்ம ஒருத்தர் உயிர் சம்பந்தப்பட்டது மட்டும் இல்லைங்க. கிருமியோட வந்த ஆளை நம்ம ஊர் மொட்டை மாடித் தொட்டியில வளர்ற அனோபிலஸ் ஸ்டீபன்சி கடிச்சா அது பக்கத்து வீட்டுக்கும் போகும். 2030-க்குள்ள நாட்டுல மலேரியாவே இல்லாம பண்றதுன்னு மத்திய அரசு இலக்கு வெச்சிருக்கு, வெளிய இருந்து வர்றத கவனிக்காம அது எப்படி நடக்கும்?

பக்கத்துல இலங்கையப் பாருங்க. 2016 செப்டம்பர்ல மலேரியா இல்லாத நாடுன்னு உலக சுகாதார நிறுவனம் அவங்களுக்குச் சான்று கொடுத்துச்சு. அதோட கையக் கட்டிட்டு உக்காரல. மலேரியா இருக்கற நாட்டுக்குப் போற பயணிகளுக்கு அவங்க மலேரியா ஒழிப்பு இயக்கமே தடுப்பு மாத்திரைய இலவசமா கொடுக்குது, திரும்பி வந்து காய்ச்சல்னா தேடிப் பிடிச்சு ரத்தம் பார்க்குது. அதை நாமும் செய்யலாம், பெரிய செலவு கூட இல்ல. உகாண்டா மாதிரி நாட்டுக்குப் போறவங்க மஞ்சள் காய்ச்சல் ஊசி போட எப்படியும் ஒரு மையத்துக்கு வந்தே ஆகணும், வேற எங்கயும் இந்த ஆளுங்க மொத்தமா ஒரே இடத்துல சிக்க மாட்டாங்க. ஊசி போட்டுட்டு அரைமணி நேரம் உக்காரச் சொல்ற அந்த நேரத்துல ஒரு நர்ஸம்மா பத்து நிமிஷம் மலேரியா பத்திப் பேசி, தமிழ்ல ஒரு நோட்டீஸ கையில கொடுத்து, மாத்திரைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தா எத்தனையோ வீட்டுக்கு உபகாரம். சுகாதாரத் துறை அமைச்சர் கண்ணுல இது படணும்னுதான் உங்க மூலமா எழுதறேன். ஆள் அனுப்பற ஏஜெண்டுகளும், ரிக் ஓனர்களும் டிக்கெட்டோட ஒரு மருந்து வலையும் மாத்திரையும் சேத்துக் கொடுக்கறத வழக்கமாக்கணும், ஒரு ராடு விலை கூட ஆகாதுங்க. காய்ச்சல்னு சொன்ன பையன சைட் முடியட்டும்னு நிறுத்தி வைக்காம அன்னைக்கே கிளினிக்குக்கு அனுப்பணும்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு நல்ல தொற்றுநோய் டாக்டரை வெச்சு, நான் எழுதினதுல திருத்த வேண்டியதத் திருத்தி, ஆப்பிரிக்கா போறவங்களுக்குன்னு ஒரு பக்கம் போடுங்க, வெட்டிச் சுவத்துல ஒட்டற மாதிரி. எங்க ஊர்ல இருக்கற ஒவ்வொரு ரிக் ஆபீசுக்கும் நானே நேர்ல கொண்டு போய்க் கொடுத்து, ஆள் ஏத்தற நாள்ல பசங்களுக்குப் படிச்சும் காட்டறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்,
திருச்செங்கோடு, நாமக்கல் மாவட்டம்.